பள்ளிக்குப் போகும் தெரு

ஞாயிறுதோறும் இந்தப் பக்கத்தை விரித்து, இன்று அரசியல் விருந்து என்ன படைக்கப்பட்டிருக்கிறது என்று ஆவலோடு பார்க்கும் வாசகத் தோழனே! சென்ற வாரம் எங்கள் ஊர்க் கிளைக் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையை எழுத்து வடிவில் தரவேண்டும் என்று கேட்டார்கள். தருகிறேன். மேடையில் சொல்லத் தயங்கியதையும் சேர்த்தே தருகிறேன்.

அன்று நான் எழுந்ததும், "என்ன தலைப்பு?" என்று கேட்டார் தலைமை தாங்கிய பெரியவர். "தெரு" என்றேன். "எந்தத் தெரு?" என்றார். "பள்ளிக்கூடத் தெரு" என்றேன். அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் ஓடி மறைந்ததைக் கண்டேன். மாநில உரிமை இருக்க, மொழியுரிமை இருக்க, ஏறும் விலைவாசி இருக்க, ஏங்கும் இளைஞர் கூட்டம் இருக்க, இவன் தெருவைப் பற்றிப் பேச வந்தானே என்று அவர் எண்ணியிருப்பார். நீயும் எண்ணக்கூடும், தோழனே. எண்ணுவதில் தவறில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: நாட்டைத் திருத்தப் புறப்பட்டவர்கள் நாம். நாடு எங்கே தொடங்குகிறது? கோட்டையிலா? கொடிமரத்திலா? இல்லை, தோழனே! வீட்டு வாசற்படியைத் தாண்டிக் குழந்தை வைக்கும் முதல் அடியில் தொடங்குகிறது. அந்த முதல் அடி பத்திரமாக விழவில்லை என்றால், மற்ற உரிமைகளையெல்லாம் யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

நான் கல்லூரிப் படிப்பை முடித்தவனல்லன். இரண்டாம் ஆண்டோடு இறங்கி வந்தவன். பொறியியல் எனக்குத் தெரியாது. நாடகம் எழுதத் தெரியும்; நாலு பேர் நடுவில் நின்று பேசத் தெரியும். ஆகவே, கற்றவர் கண்டு சொன்னதைக் கேட்டறிந்தேன். கண்ணால் பார்த்ததோடு ஒட்டிப் பார்த்தேன். அதைத்தான் உன் முன் வைக்கிறேன்.

பார், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தெருவை! காலை எட்டரை மணி. முப்பதடி அகலத் தெரு. இடப்பக்கம் வரிசையாக நிற்கும் மோட்டார் கார்கள் ஆறடியைத் தின்றுவிட்டன. வலப்பக்கம் நிற்பவை மற்றோர் ஆறடியைத் தின்றுவிட்டன. நடைபாதை என்று வரைபடத்தில் இருக்கிறது. தரையில் இருப்பதோ ஒரு மின்மாற்றி, ஒரு மணற்குவியல், ஒரு பெட்டிக்கடை, பெயர்ந்த சாக்கடை மூடி. எஞ்சிய பதினெட்டு அடியில் எதிரெதிரே வேன் வருகிறது, ஆட்டோ வருகிறது, அப்பன் அம்மை பிள்ளை மூவரையும் சுமந்த ஸ்கூட்டர் வருகிறது, தண்ணீர் லாரி வருகிறது. இவ்வளவுக்கும் இடையே, தன் உயரத்தில் பாதி இருக்கும் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கிறாள். நிற்கும் காருக்கு இடம் இருக்கிறது. கொட்டிய மணலுக்கு இடம் இருக்கிறது. நடக்கும் குழந்தைக்கு இடம் இல்லை! இதை யார் சட்டமாக்கினார்கள்? எந்த மன்றம் தீர்மானம் போட்டது? ஒருவரும் இல்லை. நாம் வாளாவிருந்தோம், அதனால் வந்தது.

"காலம் அப்படி! வண்டி பெருகினால் விபத்தும் பெருகத்தான் செய்யும். என்ன செய்வது? விதி!" என்பார்கள் சிலர். விதி என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு விழிப்பு வரவேண்டும், தோழனே! பசி விதி என்றார்கள், பார்த்தோம். பிணி விதி என்றார்கள். பெரியம்மை நோயை உலகத்தைவிட்டே ஓட்டினார்கள். தெருவில் சாவது மட்டும் எப்படி விதியாகும்? இந்த விதியை மாற்றி எழுதிய ஒரு நாட்டின் கதை இருக்கிறது. அதைக் கேள்.

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்றொரு சிறு நாடு. ஆலந்து என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அங்கே போய் வருபவர்கள் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள்: எட்டு வயதுப் பிள்ளை தானே சைக்கிளேறிப் பள்ளிக்குப் போகிறதாம், தாய் வாசலில் நின்று கையசைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே திரும்புகிறாளாம். "அது அவர்கள் பண்பாடு. நமக்கு வருமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். தோழனே, இந்தப் பெருமூச்சு பொய்யானது! ஆலந்து நாட்டுத் தெரு பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே செல்வம் வந்தது. செல்வத்தோடு கார் வந்தது. காருக்காகச் சாலைகள் அகன்றன, சதுக்கங்கள் வண்டி நிறுத்தும் திடல்களாயின, சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் மட்டும், ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில், சாலையில் மாண்டவர் ஏறக்குறைய 3,300 பேர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்! ஓர் ஆண்டில் நானூறு என்றால், நாளுக்கு ஒன்றுக்கு மேல். நாள் தவறாமல் ஒரு வீட்டில் ஒரு சிறிய கட்டில் காலியாயிற்று. அங்கேயும் அப்போது "வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். விலை கொடுத்தது யார்? வளர்ச்சியில் பங்கு கேட்காத பாலகர்கள்.

அந்த ஆண்டில் பலியான குழந்தைகளில் ஒரு சிறுமி, ஒரு பத்திரிகையாளரின் மகள். அவர் பெயர் விக் லாங்கன்ஹோஃப். சைக்கிளில் பள்ளிக்குச் சென்ற மகள் திரும்பவில்லை. அழுதார் தந்தை, எல்லாத் தந்தையரும் அழுவார்கள். ஆனால் அழுகையோடு அவர் நிற்கவில்லை. எழுதுகோலை எடுத்தார். 1972-இல் தாம் பணியாற்றிய 'டெ டைட்' நாளேட்டில் ஒரு கட்டுரை தீட்டினார். தலைப்பு என்ன தெரியுமா? 'குழந்தைக் கொலையை நிறுத்து!' விபத்து என்று அவர் எழுதவில்லை, தோழனே. கொலை என்று எழுதினார். விபத்து என்றால் எவரும் பொறுப்பாளியல்லர். கொலை என்றால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது: செய்தவர் யார், செய்ய விட்டவர் யார்? ஒரு சொல்லை மாற்றினார். ஒரு நாட்டின் பார்வை மாறத் தொடங்கியது. நாளேட்டின் வலிமை நமக்குத் தெரியாததா?

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. இயக்கத்தின் முதல் தலைவர் மார்ட்யே வான் புட்டன், ஓர் இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் அமர்ந்தவர். அந்தத் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? விபத்து நேரும் இடங்களில் திரண்டு நின்றார்கள். சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். தெருவை மறித்து, நடுத்தெருவில் மேசை போட்டுக் குடும்பம் குடும்பமாய் அமர்ந்து உணவுண்டார்கள். பிள்ளைகளை அங்கே ஆடவிட்டார்கள். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு வாசலுக்கே பாட்டிசைத்துச் சென்று குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தெரு கேட்டார்கள். பிரதமரும் வெளியே வந்து செவிகொடுத்தார். கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. ஆனால் கலையவும் இல்லை.

தாய்மார்கள் மட்டுமா? சேய்களும் எழுந்தார்கள்! ஆம்ஸ்டர்டாம் மாநகரில் டெ பெய்ப் என்றொரு பழைய உழைப்பாளர் குடியிருப்பு. நெருக்கமான வீடுகள், ஒடுங்கிய தெருக்கள், ஆட ஒரு சாண் இடமில்லை. எல்லாம் கார் நிற்கும் இடம். அங்கே பள்ளிப் பிள்ளைகளே மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், "எங்கள் தெருவை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். தெருவை அடைத்துக் காட்டினார்கள். அடைத்ததைக் கண்டு சினந்து தடுப்பை அகற்ற முனைந்த வண்டிக்காரர்களும் இருந்தார்கள். 1972-இல் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அந்தப் பிள்ளைகளின் போராட்டம் பதிவாகியிருக்கிறது. பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நாம் ஐம்பது பேரைக் கூட்டிச் சொல்லத் தயங்குவதை, அரைக்கால் சட்டைப் பிள்ளைகள் ஒரு மாநகரத்தின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

இனித்தான் முக்கியமான செய்தி. கிளர்ச்சி மட்டும் தெருவைத் திருத்திவிடாது. கிளர்ச்சி கதவைத் திறக்கும். உள்ளே போய் வேலை செய்ய ஆள் வேண்டும். அந்த நாட்டில் டெல்ஃப்ட் என்றொரு நகரம். அங்கே நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால் என்பவர், 1960-களின் பிற்பகுதியிலேயே, குடியிருப்புத் தெருக்களை வேறு விதமாக அமைத்துப் பார்க்கத் தொடங்கினார். நேராக ஓடிய பாதையை வளைத்தார். மரம் நட்டார். பூந்தொட்டி வைத்தார். உயர்ந்த நடைபாதை, தாழ்ந்த வண்டிப்பாதை என்ற பிரிவை நீக்கித் தெரு முழுவதையும் ஒரே தளமாக்கினார். அந்த மொழியில் அதற்கு 'வூனெர்ஃப்' என்று பெயர். பொருள் என்ன தெரியுமா? குடியிருப்பு முற்றம்! நம் வீட்டு முற்றத்தை நினைத்துப் பார். பாட்டி அங்கே வற்றல் காயவைப்பாள், பிள்ளை பாண்டி ஆடும், அண்ணன் சைக்கிளை மெதுவாய்த் தள்ளிக்கொண்டு வருவான். முற்றத்தில் யாரும் விரைந்து ஓட்டுவதில்லை. முற்றம் என்றால் முதலிடம் மனிதருக்கு. தெருவை முற்றமாக்கினார்கள், தோழனே!

1976-இல் அதற்குச் சட்டமும் வந்தது. முற்றம் என்று அறிவிக்கப்பட்ட தெருவில், நடப்பவர் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், குழந்தைகள் ஆடலாம், வண்டி, மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, குறித்த இடத்திலன்றி வேறெங்கும் நிறுத்தக்கூடாது. பின்னர் 1980-களில், மணிக்கு 30 கிலோமீட்டர் எல்லை வகுத்த குடியிருப்பு வட்டாரங்கள் வந்தன. ஆண்டுதோறும் கொஞ்சம், ஊர்தோறும் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே போனார்கள். பயன்? 1971-இல் நானூறுக்கு மேல் இருந்த குழந்தைச் சாவு, 2010-இல் 14 ஆகக் குறைந்தது. தெருவமைப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் வளர்ந்தது, வண்டிகளும் திருந்தின. ஆனால் தெருவைத் தொடாமல் இதை அவர்கள் சாதிக்கவில்லை என்பதும் உண்மை. அந்தப் பதினான்கும் அதிகம்தான். ஆனாலும் எண்ணிப் பார்: விதி என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை பிள்ளைகள்!

ஏன் 30 கிலோமீட்டர்? இதில் மந்திரம் ஏதும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குத்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் கால் பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகுமென்றால், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டருக்குள் நின்றுவிடும். அதே கார் 50-இல் வந்தால், அந்த ஒரு வினாடியில் மட்டும் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். புரிகிறதா, தோழனே? முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாம் காரின் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை! முதல் ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஏண்டா தம்பி, பார்த்து ஓடக்கூடாதா?" என்று கடிந்துகொள்கிறார். இரண்டாம் ஓட்டுநர்... அதை நான் சொல்லவேண்டியதில்லை. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கணக்கின்படி, 30-க்குப் பதில் 50 என்றால், அடியின் வலிமை ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. வாங்குவதோ இருபது கிலோ எடையுள்ள உடம்பு.

மெதுவாகப் போனால் நாடு நின்றுவிடுமா? அதையும் கணக்கிட்டேன். பள்ளிக்கூடத் தெரு 200 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள். 50-இல் கடக்க ஏறத்தாழ 14 வினாடி. 30-இல் கடக்க 24 வினாடி. இழப்பு பத்து வினாடி! வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் நேரம். அந்தப் பத்து வினாடிக்காகத்தான் வரிந்து கட்டிக்கொண்டு வழக்காடுகிறோம்.

"சரி, 30 என்று ஒரு பலகை எழுதி மாட்டிவிடுவோம், தீர்ந்தது" என்பாய். இங்கேதான் நாடகக்காரன் குறுக்கிடுகிறான்! மேடையில் அரசவை அமைத்து, "இது குடிசை" என்று பலகை மாட்டினால் பார்ப்பவன் நம்புவானா? நடிகனேகூட நம்பமாட்டான், அரண்மனையில் நடப்பதுபோல்தான் நடப்பான். நாங்கள் அறிவோம்: நடிகன் எப்படி நடப்பது என்பதைப் பாதி வசனம் சொல்லும், மீதியை மேடையமைப்பு சொல்லும். வாயிலைத் தாழ்வாக வைத்தால் தானே குனிவான். தெருவும் அப்படித்தான். அகலமாய், நேராய், வழுவழுவென்று தார் போட்டு வைத்துவிட்டு, "மெதுவாகப் போ" என்று மூலையில் ஒரு பலகை மாட்டினால், தெரு ஒன்று சொல்கிறது, பலகை வேறொன்று சொல்கிறது. ஓட்டுநரின் கால், பலகையைக் கேட்பதில்லை, தெருவைத்தான் கேட்கும்.

ஆகவே தெருவையே பேச வைக்கவேண்டும். எப்படி? பள்ளி வாயிலுக்கு நேரே, சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி அகன்ற கடவை அமைக்கவேண்டும். அங்கே குழந்தை சாலைக்கு இறங்குவதில்லை, வண்டிதான் குழந்தையின் தளத்துக்கு ஏறி வருகிறது. கடக்கும் இடத்தில் இருபுறமும் நடைபாதையை நீட்டிச் சாலையை ஒடுக்கவேண்டும். கடக்கும் தொலைவு குறையும், நிற்கும் காருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் அவலமும் நீங்கும். முச்சந்தியில் கார் நிறுத்துவதைத் தடுக்கவேண்டும். ஏழு வயதுக் குழந்தையின் கண், காரின் மேற்கூரைக்குக் கீழே இருக்கிறது என்பதை மறக்கலாகாது. தெரு முனையின் வளைவைச் சிறிதாக்கினால், திரும்பும் வண்டி தானே தணிந்து திரும்பும். நடைபாதை அறுபடாமல் ஓடவேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். நம் வெயில் ஆலந்து நாட்டு வெயிலன்று.

வேகத்தடையும் வேண்டும், ஆனால் முதுகெலும்பை முறிக்கும் மேடு வேண்டா! இரவோடு இரவாக நாலு சட்டி தாரைக் கொட்டி நாம் போட்டுக்கொள்கிறோமே, அது வேகத்தடையன்று. பேறுகாலப் பெண்ணுக்கும் பின்னிருக்கைப் பாட்டிக்கும் வைத்த பொறி. இந்திய சாலைப் பேரவை 1988-இல் அதற்கு அளவு வகுத்தது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், ஏறி இறங்கும் மென்மையான வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றது. அளவறிந்து போட்டால் அது காவல்; அளவு தவறினால் அதுவே கேடு.

எதிர்ப்பு எழும். எழட்டும். "ஆம்புலன்சு எப்படி வரும்?" என்பார்கள். இன்று இருபுறமும் கார் அடைத்து நிற்கும் தெருவில் எப்படி வருகிறதோ, அதைவிட எளிதாக வரும். "கடை வியாபாரம் என்னாவது?" என்பார்கள். ஐம்பது வேகத்தில் பறப்பவன் கடையைப் பார்ப்பதில்லை. நடந்து போகிறவள்தான் நின்று வாங்குகிறாள். "என் பிள்ளையைக் காரில் பள்ளி வாசலில்தானே இறக்கவேண்டும்?" என்பார் ஒருவர். ஐயா, உங்கள் பிள்ளை நலமாக இருக்கட்டும். ஆனால் உங்கள் பிள்ளையை வாசலில் இறக்க வந்த வண்டி, நடந்து வந்த பிள்ளையை இடித்துவிடக்கூடாதல்லவா? நூறு மீட்டர் முன்னே இறக்குங்கள். நூறு மீட்டர் நடந்தால் பிள்ளை தேய்ந்துவிடாது. பாரிசு மாநகரில் 2020 முதல் பள்ளி வாயில் தெருக்களை வண்டிகளுக்கு மூடத் தொடங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட தெருக்களை அப்படி ஆக்கியிருக்கிறார்கள். பாரிசிலும் கார் வைத்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இங்கே அரசியல் வருகிறது, தோழனே! "தெருவில் அரசியல் ஏது?" என்று கேட்டாயே, பதில் இதோ. தெருவின் அகலம் பொதுச் சொத்து. கார் வைத்திருப்பவன் கொடுத்த வரியில் மட்டும் போட்ட தாரன்று அது. தீப்பெட்டி வாங்கும் கிழவி கொடுத்த வரியும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பொதுச் சொத்தில், ஆள் ஏறாமல் நாளெல்லாம் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு இடம். அரசுப் பள்ளிக்கு நடந்து போகும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு அரையடியும் இல்லை என்றால், அது பங்கீட்டு அநீதியன்றி வேறென்ன? கிணற்றிலும் கோயில் தெருவிலும் "ஒதுங்கிப் போ" என்று சொன்னவர்களை எதிர்த்த மண் இது. இன்று ஆரன் அடித்து "ஒதுங்கிப் போ" என்கிறது ஓர் எந்திரம். ஒதுங்க இடமில்லாத இடத்தில் ஒதுங்கச் சொல்கிறது!

நம் நிலைமையைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் திருநாட்டின் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். இது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு; 64,105! கல்வியில் முன்னணி, மருத்துவத்தில் முன்னணி என்று நெஞ்சு நிமிர்த்துகிறோமே, இந்த முன்னணியை எங்கே வைத்துக்கொள்வது?

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது: போக்குவரத்துக்கான செலவில் நூற்றுக்கு 60 பங்காவது நடப்பவர்க்கும் சைக்கிள் ஓட்டுபவர்க்கும் என்று. 2023-இல் சென்னைக் காவல்துறை, குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதித்தது. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடும், மக்களும் வண்டியும் கலந்து செல்லும் இடங்களில் 30 தான் எல்லை என்று அறிவித்தது. தாளில் எழுத்து இருக்கிறது. தெருவில் அது இறங்கவேண்டும். இறக்குவதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

இப்போது, மேடையில் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளிக்கூடத் தெருவில் நாம் ஒரு பொதுக்கூட்டம் போட்டோம். தெருவின் முழு அகலத்துக்கும் மேடை. இருபுறமும் குழி தோண்டிக் கொடிக்கம்பங்கள். அன்றிரவு நான்தான் சிறப்புப் பேச்சாளன். ஏழைச் சிறாரின் கல்வி பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. பதினொரு மணிக்குக் கூட்டம் முடிந்தது, களைத்துப் போனோம், மேடையைக் காலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

காலையில் பிள்ளைகள் வந்தார்கள். தெரு அடைபட்டுக் கிடந்தது. சுற்றிக்கொண்டு பெரிய சாலை வழியே போனார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சரக்கு வண்டி ஒன்று தட்டிவிட்டது. உயிர் பிழைத்தான். கால் எலும்பு முறிந்தது. ஓராண்டுப் படிப்புப் போயிற்று.

மருத்துவமனைக்கு ஓடினேன். பையனின் தாய், கட்டட வேலைக்குப் போகிறவள், கட்டிலருகே நின்றிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அண்ணே, ராத்திரி நீங்க பேசினதை நானும் கேட்டேன். நல்லாத்தான் பேசினீங்க. மேடையை மட்டும் அப்பவே பிரிச்சிருக்கலாமில்ல?" என்றாள். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூட வாசலில் நாம் நட்ட கொடிக்கம்பத்தின் சிமெண்டுத் திண்டு, இன்றும் நடைபாதையின் நடுவே நின்றுகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கித்தான் போகின்றன. சென்ற வாரக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: முதலில் அதை நாமே இடித்தெடுப்போம். முணுமுணுப்பு எழுந்தது. "கொடியை இறக்குவதா?" என்று ஓர் இளைஞர் கொதித்தெழுந்தார். அவர் கொதிப்பை நான் மதிக்கிறேன். அந்தக் கொடிக்காக அவர் தடியடி பட்டவர். ஆனால் சொன்னேன்: தம்பி, கொடியை இறக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். நம் கொடியைக் கண்டால் குழந்தை ஒதுங்கிச் சாலையில் இறங்கவேண்டும் என்றால், அந்தக் கொடி எதற்காக ஏற்றப்பட்டதோ அதற்கு நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நம் கையால் அடைத்த பாதையை நம் கையாலே திறந்த பிறகுதான், மணல் கொட்டியவரையும் கார் நிறுத்தியவரையும் கேட்க நமக்கு வாய் உண்டு. அந்தத் தம்பி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கடப்பாறை என் வீட்டில் இருக்கிறது" என்றார். வரும் சனிக்கிழமை காலை அந்த வேலை நடக்கும்.

உன் ஊரிலும் ஒரு பள்ளிக்கூடத் தெரு இருக்கும், வாசகத் தோழனே. நான் கேட்பது பெரிய தியாகமன்று. ஒரு வாரம், காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை, இருவர் இருவராய் அங்கே போய் நில். கோஷம் வேண்டா, தாளும் பென்சிலும் போதும். நடந்து வருகிற பிள்ளை எத்தனை, சைக்கிளில் எத்தனை, ஆட்டோவில் எத்தனை, காரில் எத்தனை என்று எண்ணு. எந்த இடத்தில் கடக்கிறார்கள், எந்த இடத்தில் ஓடுகிறார்கள், எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள் என்று குறி. தலைமையாசிரியரைப் பார், ஆட்டோ ஓட்டும் தோழர்களைப் பார், பெட்டிக்கடைக்காரரைப் பகையாக்காதே, அவருக்குப் பக்கத்திலேயே மாற்றிடம் தேடு. அவரும் நம்மவர். பிறகு, காவல்துறையிடம் சொல்லி ஒப்புதல் பெற்று, ஒரு மாதத்துக்குச் சுண்ணாம்புக் கோடும், மண் நிரப்பிய பீப்பாயும், பூந்தொட்டியும் வைத்துத் தெருவை மாற்றி அமைத்துப் பார். தவறிருந்தால் தொட்டியை நகர்த்தலாம். சிமெண்டை நகர்த்த முடியாது. சரியென்று கண்டபின், எண்ணிய கணக்கோடு கிராம சபைக்குப் போ. நகரமாயின் பகுதி சபைக்கும் மாமன்ற உறுப்பினரிடமும் போ. உறுப்பினர் நம் கட்சிக்காரராய் இருந்தால் இரண்டு முறை போ! மாற்றுக் கட்சிக்காரர் செய்து கொடுத்தால் நன்றி சொல். பிள்ளையின் காலுக்குக் கட்சி கிடையாது.

அன்று கட்டிலில் கிடந்த பையன் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கவேண்டியவன், ஆறில் படிக்கிறான். நாளைக் காலையும் அந்தத் தெருவில் நடந்து வருவான். எட்டரை மணிக்கு நான் அங்கே நிற்பேன், தாளும் பென்சிலுமாக. நீ உன் ஊர்ப் பள்ளி வாசலில் நில்.